மலையோர அங்கன்வாடி: குமுளிப் பெற்றோர் எதை அளந்து பார்க்க வேண்டும்?

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து லோயர் கேம்ப் வழியாக ஏறும் மலைச்சாலை கேரள எல்லையைத் தொடும் இடத்தில் அமைந்துள்ள குமுளியில், மூன்று வயது நிரம்பிய ஒரு குழந்தை வீட்டுக்கு வெளியே சந்திக்கும் முதல் அரசு நிறுவனம் பெரும்பாலும் அங்கன்வாடியாகவே இருக்கிறது. ஏலக்காய்த் தோட்டங்களிலும், வண்டிப்பெரியாறு நோக்கி நீளும் தேயிலைத் தோட்டங்களிலும், தேக்கடிச் சுற்றுலாவை நம்பிய கடைகளிலும் விடுதிகளிலும் வேலை செய்யும் குடும்பங்களுக்கு அது பள்ளிக்கு முந்தைய கல்விக்கூடமாக மட்டுமன்றி, பகல் உணவுக்கான உறுதியாகவும், தாய் வேலைக்குச் செல்வதைச் சாத்தியமாக்கும் ஏற்பாடாகவும் விளங்குகிறது. ஆயினும் அதை மதிப்பிடும்போது பெற்றோர் கையாளும் அளவுகோல்கள் பெரும்பாலும் இரண்டாகச் சுருங்கிவிடுகின்றன: சுவரில் புதிய வண்ணப் படங்கள் உள்ளனவா என்பது ஒன்று, அருகிலுள்ள தனியார் நர்சரியைப் போல ஆங்கில எழுத்துகளை எழுதப் பழக்குகிறார்களா என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரு மழலையர் கூடத்தின் தரத்தைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லக்கூடியவை. குழந்தையோடு ஒரு பெரியவர் எவ்வளவு நேரம், எந்த மொழியில், எதைப் பற்றிப் பேசுகிறார் என்பதில்தான் அந்தத் தரத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த நடுக் கேள்வி, அதாவது மொழி பற்றிய கேள்வி, கேரளத்தின் ஏனைய பெற்றோர் எதிர்கொள்ளாத ஒன்றாகவும் இருக்கிறது.

ஆறு பணிகளும் ஒரு டீச்சரும்

அங்கன்வாடி இன்றைய வடிவத்தை அடைந்த வரலாற்றில் இரண்டு நோக்கங்கள் கலந்திருக்கின்றன, அவற்றுள் ஒன்று கல்வியைச் சார்ந்தது. 1920-களில் குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகாவுடன் சேர்ந்து மாண்டிசோரி முறையை இந்தியச் சூழலுக்கு ஏற்ப மாற்றியமைத்த தாராபாய் மோடக், 1945-இல் மராட்டியக் கடலோரச் சிற்றூரான போர்டிக்குப் பெயர்ந்து, விலையுயர்ந்த கருவிகள் இன்றி விதை, கூழாங்கல், இலை ஆகியவற்றைக் கொண்டே ஏழைக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் வழியை அனுதாய் வாக் என்ற இளைய ஆசிரியையின் துணையுடன் உருவாக்கினார். குழந்தை பள்ளியைத் தேடிச் செல்வதற்குப் பதிலாகப் பள்ளி குழந்தையின் முற்றத்தைத் தேடி வரவேண்டும் என்ற அவரது கருத்திலிருந்தே, முற்றத்தில் அமைந்த கூடம் என்னும் பொருள் கொண்ட அங்கன்வாடி என்ற பெயர் வழக்குக்கு வந்தது. (மாண்டிசோரி அம்மையாரே இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்தியாவை விட்டு வெளியேற இயலாமல் சென்னை அடையாற்றிலும், பின்னர் குமுளியைத் தாங்கி நிற்கும் அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் கொடைக்கானலிலும் தங்கியிருந்து பயிற்சி அளித்தார் என்பது இவ்வட்டாரத்தில் அதிகம் பேசப்படாத செய்தி.) மற்றொரு நோக்கம் ஊட்டச்சத்தைச் சார்ந்தது. பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளின் நிலையை ஆராய மத்தியக் கல்வி ஆலோசனை வாரியம் அமைத்த குழு, மீனா சுவாமிநாதன் தலைமையில் 1972-இல் அளித்த அறிக்கை, உணவு, உடல்நலம், கல்வி மூன்றையும் ஒரே இடத்தில் தரவேண்டும் என்று வாதிட்டது. அதன் தொடர்ச்சியாக 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் சோதனை முயற்சியாகத் தொடங்கப்பட்டதுதான் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம். கேரளத்தில் அதற்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் மலப்புறம் மாவட்டத்தின் வேங்கரை. இன்று அம்மாநிலத்தில் 33,000-க்கு மேற்பட்ட அங்கன்வாடிகள் இயங்குகின்றன.

இத்திட்டம் ஒவ்வோர் அங்கன்வாடியின் மீதும் ஆறு பணிகளைச் சுமத்தியது: துணை உணவு, பள்ளிக்கு முந்தைய கல்வி, தாய்மாருக்கான ஊட்டச்சத்துக் கல்வி, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, தேவைப்படும் குழந்தையை மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தல். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மக்கள் டீச்சர் என்றே அழைக்கும் ஒரு பணியாளரும், ஆயா அல்லது ஹெல்பர் எனப்படும் ஓர் உதவியாளரும் இந்த ஆறையும் செய்ய வேண்டும். இருவரும் சம்பளம் பெறும் அரசு ஊழியராகக் கருதப்படாமல் மதிப்பூதியம் பெறுபவராகவே வைக்கப்பட்டிருக்கின்றனர்; அவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்பதே 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் குஜராத் வழக்கொன்றில் தீர்ப்பளித்த பிறகுதான் நிலைநாட்டப்பட்டது. 2021 முதல் போஷன் டிராக்கர் என்னும் கைபேசிச் செயலியில் வருகை, எடை, உணவு ஆகியவற்றைப் பதிவேற்றும் வேலையும் இவற்றோடு சேர்ந்துகொண்டது. ஆறு பணிகளுள் எது தள்ளிப்போடத்தக்கதோ அதுவே சுருங்கும் என்பது எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும் விதி. சோறு பொங்காவிட்டால் அன்றே கேள்வி எழும், எடை பதியாவிட்டால் மாத இறுதியில் எழும், ஆனால் கதை சொல்லாமல் விட்ட நாளைப் பற்றிக் கேட்க எவரும் இல்லை.

சட்டமும் இந்தச் சாய்வையே பின்பற்றுகிறது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு அங்கன்வாடி வழியாக இலவச உணவு பெறும் உரிமையை அளித்து, அதன் அளவையும் வரையறுக்கிறது. மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குக் காலைச் சிற்றுணவும் சூடான மதிய உணவுமாக நாளொன்றுக்கு 500 கலோரி ஆற்றலும் 12 முதல் 15 கிராம் புரதமும் கிடைத்தாக வேண்டும் என்று அது இயற்றப்பட்டபோது விதித்திருந்தது. கல்வியைப் பொறுத்தவரையிலோ, 2002-இன் 86-ஆவது திருத்தத்துக்குப் பின் அரசமைப்பின் 45-ஆம் பிரிவு, ஆறு வயது நிறையும் வரை குழந்தைப் பராமரிப்பும் கல்வியும் அளிக்க அரசு முயல வேண்டும் என்று மட்டுமே கூறுகிறது. அது அரசுக்கு வழிகாட்டும் நெறியாகுமே தவிர, நீதிமன்றத்தில் நேரடியாகக் கோரிப் பெறத்தக்க அடிப்படை உரிமையாகாது. ஆகவே மதிய உணவைக் கணக்கிட அரசு இருக்கிறது என்றும், பேச்சையும் விளையாட்டையும் கணக்கிடும் வேலை பெற்றோரிடம் விடப்பட்டிருக்கிறது என்றும் கொள்வதே நடைமுறைக்கு ஒத்த புரிதலாகும்.

இந்த நேரக் கணக்கு எவ்வளவு முக்கியமானது என்பதற்கு மலைக்குக் கீழே தமிழ்நாட்டிலேயே உறுதியான சான்று உண்டு. பொருளியல் அறிஞர்களான அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகியோர் தமிழ்நாட்டின் 640 அங்கன்வாடிகளைக் கொண்டு நடத்திய ஆய்வில், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட பாதி மையங்களுக்கு மட்டும், பள்ளிக்கு முந்தைய கல்வியை மட்டுமே கவனிக்கும் அரைநேரப் பணியாளர் ஒருவர் கூடுதலாக அமர்த்தப்பட்டார். கற்பித்தல் நேரம் அந்த மையங்களில் இருமடங்கானது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்குப் பின் அங்கிருந்த குழந்தைகள் கணக்கிலும் மொழியிலும் மற்றவரை விடத் தெளிவாக முன்னேறியிருந்தனர். எதிர்பாராத விளைவு மற்றொன்று: முதன்மைப் பணியாளருக்குக் கிடைத்த ஓய்வு நேரம் ஊட்டச்சத்துப் பணிக்குச் சென்றதால், வயதுக்கேற்ற உயரமின்மையும் கடும் ஊட்டக்குறைவும் குறைந்தன. கட்டடமோ கருவிகளோ மாறாமல், ஆள் நேரம் மட்டுமே கூடியதன் பலன் இது.

ஒரு முற்பகலின் உள்ளே

கேரளத்து அங்கன்வாடி காலை 9.30 முதல் மாலை 3.30 வரை இயங்குகிறது. சேர்க்கை நாளில் பத்து நிமிடம் நின்று பார்ப்பதை விட, சாதாரண நாள் ஒன்றில் முற்பகல் முழுவதும் ஓரமாக அமர்ந்து கவனிப்பது மிகுந்த செய்தியைத் தரும். அதற்கு டீச்சரிடம் முன்கூட்டியே இசைவு பெற்றுக்கொள்வது மரியாதை மட்டுமன்று, அவர் அதற்குத் தரும் விடையே மதிப்பீட்டின் முதல் குறிப்பாகவும் அமையும்.

இத்தகைய கவனிப்பை ஒழுங்குபடுத்த உலக அளவில் கருவிகள் உள்ளன. அமெரிக்காவில் தெல்மா ஹார்ம்ஸ், ரிச்சர்ட் கிளிஃபோர்டு இருவரும் 1980-இல் வெளியிட்ட எக்கர்ஸ் என்னும் மழலையர் சூழல் மதிப்பீட்டு அளவுகோல், இடவசதி, பராமரிப்பு, மொழி, செயல்பாடு, உறவாடல் எனப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இடுகிறது. அதைத் தமிழ்நாட்டின் பால்வாடிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் ஏற்ப எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மாற்றியமைத்தது. பெற்றோருக்கு மதிப்பெண் அட்டவணை தேவையில்லை என்றாலும், அந்த அளவுகோல்களின் உள்ளுணர்வு தேவை: ஒரு பொருள் அறையில் இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், அது குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறதா, அன்று பயன்பட்டதா என்று கேட்பதே அது. நன்கொடையாக வந்த விளையாட்டுப் பொம்மைகள் உடைந்துவிடும் என்ற அச்சத்தால் பீரோவுக்குள் பூட்டப்பட்டிருக்கும் காட்சி இரண்டு மாநிலங்களிலும் அரிதன்று. பூட்டிய பீரோ, கணக்கில் இருந்தும் குழந்தைக்கு இல்லாத சொத்து.

அதன் பின் கேட்கவேண்டிய கேள்வி பேச்சைப் பற்றியது. டீச்சரின் வாயிலிருந்து வரும் வாக்கியங்களில் எத்தனை கட்டளைகள், எத்தனை கேள்விகள் என்று ஓர் அரைமணி நேரம் மனத்துக்குள் எண்ணிப் பார்த்தால் போதும். உட்கார், கை கட்டு, பேசாதே என்பன அறையை அமைதியாக்கும். நேற்று மழையில் என்ன ஆயிற்று, இந்த இலை ஏன் சொரசொரப்பாக இருக்கிறது என்பன குழந்தையை வாக்கியம் அமைக்க வைக்கும். மூன்று முதல் ஆறு வயது வரை குழந்தை பெறும் சொல்வளம் பிற்காலத்து வாசிப்புக்கு அடித்தளமாகிறது என்பதால், இரண்டாம் வகைக் கேள்வி ஒன்றுகூடக் காதில் விழாத முற்பகலை, எழுத்துப் பயிற்சி எவ்வளவு நடந்திருந்தாலும், வீணான முற்பகல் என்றே கணக்கிட வேண்டும். பள்ளிக்கு முந்தைய ஆண்டுகளையும் முதல் இரண்டு வகுப்புகளையும் ஒரே அடித்தளப் பருவமாகக் கொண்டு 2022-இல் வெளியான தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் விளையாட்டு, உரையாடல், கதை, பாடல் ஆகியவற்றையே இவ்வயதுக் கல்வியின் முதன்மை வழிகளாக வைக்கிறது.

தனியார் நர்சரியைப் பற்றிய கேள்வி இங்கே தவிர்க்க இயலாதது. டெல்லி அம்பேத்கர் பல்கலைக்கழகமும் ஏசர் மையமும் 2011 முதல் 2016 வரை ராஜஸ்தான், அசாம், பிரிக்கப்படாத ஆந்திரம் ஆகியவற்றில் ஏறத்தாழ 14,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்து நடத்திய ஆய்வு, இருதரப்புப் பெருமிதத்தையும் சேர்த்தே குலைத்தது: அங்கன்வாடிகளில் கல்விக்கு ஒதுக்கப்பட்ட நேரம் மிகக் குறைவு, தனியார் கூடங்களிலோ நேரம் முழுவதும் தொடக்கப் பள்ளிப் பாடத்தைக் கீழிறக்கி மனப்பாடம் செய்விப்பதிலேயே கழிந்தது, குழந்தைகள் பள்ளிக்கு ஆயத்தமாவதில் இரண்டுமே பின்தங்கின. ஆகவே கட்டணம் செலுத்துவதால் தரம் வந்துவிடுகிறது என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் மெலிந்ததே. பெற்றோரின் இந்த நாட்டத்தை உணர்ந்துதான் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது, கேரளமோ அரசுப் பள்ளிகளோடு இணைந்த முன்பருவ வகுப்புகளில் வர்ணக்கூடாரம் என்ற பெயரில், ஒவ்வொரு பள்ளிக்கும் 10 லட்சம் ரூபாய் செலவில், கட்டுமானம், வரைதல், நாடகம், மணல் விளையாட்டு என 13 செயல்பாட்டு இடங்களை அமைக்கும் வழியை மேற்கொண்டது. இத்தகைய பள்ளி நடந்து செல்லும் தொலைவில் இருக்கும் குமுளிக் குடும்பத்துக்கு மட்டுமே உண்மையான ஒப்பீட்டுக்கு இடமுண்டு. 2026–27 கல்வியாண்டு முதல் ஒன்றாம் வகுப்பில் சேரும் வயது ஆறாக உயரும் என்று கேரளக் கல்வியமைச்சர் 2025-இல் அறிவித்திருப்பதால், முன்பருவக் கூடத்தில் குழந்தை கழிக்கும் காலம் ஓராண்டு நீள்கிறது என்பதும், அங்கே நடப்பதைக் கவனிக்கும் தேவை அதற்கேற்பக் கூடுகிறது என்பதும் நினைவில் இருக்க வேண்டியவை.

குழந்தையின் மொழியும் டீச்சரின் மொழியும்

1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தோடு நின்றன. பின்னர் 1972 ஜனவரி 26 அன்று உருவான இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களும், பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், அட்டப்பாடி பகுதிகளும் தமிழ் மொழிச் சிறுபான்மையினர் வாழும் இடங்களாகவே தொடர்கின்றன. குமுளி நகரத்தை ஒட்டி எல்லையோரத்திலேயே அமைந்த ரோசாப்பூக்கண்டம் போன்ற குடியிருப்புகளில் வீட்டுமொழி தமிழாக இருக்க, கேரள அங்கன்வாடியின் பதிவேடும், அங்கணப்பூமழை எனப்படும் பயிற்சி நூலும், பாடல்களும் மலையாளத்தில் இருக்கின்றன. தேக்கடிக் காட்டை ஒட்டி வாழும் மன்னான், பளியர் பழங்குடிக் குழந்தைகளின் வீட்டுப் பேச்சும் தமிழுக்கு நெருக்கமானதே. அண்மைக் காலத்தில் ஏலத்தோட்டங்களுக்கு ஜார்க்கண்ட், அசாம் போன்ற தொலைவு மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களின் குழந்தைகளையும் சேர்த்தால், ஒரே பாயில் அமர்ந்திருக்கும் பத்துக் குழந்தைகளிடையே மூன்று நான்கு வீட்டுமொழிகள் இருப்பது இம்மலையில் வியப்புக்குரியதன்று.

இதை மலையாளத்துக்கும் தமிழுக்கும் இடையிலான போட்டியாகப் பார்ப்பது, அரசியல் மேடைக்குப் பயன்பட்டாலும், குழந்தைக்குப் பயன்படாது. கேரளத்தில் வளரும் குழந்தைக்கு மலையாளம் தேவை. 2017-ஆம் ஆண்டின் மலையாள மொழிக் கற்றல் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை அது எல்லாப் பள்ளிகளிலும் கற்பிக்கப்படவும் வேண்டும். இரண்டு மொழிகளை ஒரே காலத்தில் கற்பதால் சிறு குழந்தையின் அறிவு குழம்புவதில்லை என்பது மொழியியலில் நன்கு நிலைபெற்ற முடிவு. இடர்ப்பாடு வேறோர் இடத்தில் இருக்கிறது. வீட்டுமொழி புரியாத சூழலில் திடீரென வைக்கப்படும் குழந்தைகளுள் பலர் சில வாரங்களோ சில மாதங்களோ பேச்சையே நிறுத்திவிடுகின்றனர். ஆய்வாளர் இதை மௌனக் கட்டம் என்பர். அக்கட்டத்தில் குழந்தை கேட்டுக்கொண்டும் கற்றுக்கொண்டும் இருக்கிறது என்றாலும், பெரியவர் அதை அடக்கமான பிள்ளை என்று பாராட்டியோ மந்தமான பிள்ளை என்று ஒதுக்கியோ விட்டால், இயல்பாகக் கடந்துவிட வேண்டிய கட்டம் ஆண்டுக்கணக்கில் நீளக்கூடும். வீட்டில் ஓயாமல் பேசும் குழந்தை அங்கன்வாடியில் சொல்லே உதிர்ப்பதில்லை என்று தெரிந்தால், அதைக் குழந்தையின் குணமாகக் கொள்ளாமல் அங்கன்வாடியின் மொழிச்சூழலைப் பற்றிய குறிப்பாகக் கொள்வதே முறை.

ஆகவே குமுளிப் பெற்றோர் கேட்கவேண்டியது, டீச்சர் தமிழரா மலையாளியா என்பதன்று. தாகம், பசி, சிறுநீர், வலி என்னும் நான்கு தேவைகளைக் குழந்தை தமிழில் சொன்னால் புரிந்துகொள்ள அந்த அறையில் ஒருவர் உண்டா? நிறுவனத்தின் பாடத்திட்டத்தில் எங்குமே எழுதப்படாத இக்கேள்விக்குப் பெரும்பாலும் விடையாக நிற்பவர் ஹெல்பரே. இரண்டு மொழியும் அறிந்த ஹெல்பர் ஒருவர், சமையலறையிலிருந்து எழுந்து வந்து சொல்லும் இரண்டு வாக்கியங்களால் குழந்தையின் முதல் மாதத்தையே மாற்றிவிட முடியும். அடுத்தது, தமிழில் வந்த விடையை டீச்சர் எவ்வாறு ஏற்கிறார் என்பது. மலையாளத்தில் சொல் என்று திருப்பி அனுப்புவதற்கும், விடையை ஏற்றுக்கொண்டு அதையே மலையாளத்தில் மீண்டும் சொல்லிக் காட்டுவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு நொடிக்குள் நிகழ்ந்துவிடுவது. ஆனால் குழந்தை நாளை வாய் திறக்குமா என்பதை அதுவே தீர்மானிக்கிறது. மாலையில் வீடு திரும்பிய குழந்தையிடம் அன்று கற்ற பாட்டைப் பாடச் சொல்லி, அதில் வரும் பூனை என்ன செய்தது என்று கேட்டால், ஒலியை மட்டும் கொண்டுவந்ததா பொருளையும் கொண்டுவந்ததா என்பது தெரிந்துவிடும்.

சட்டத்தின் துணை இங்கும் அரைகுறையானதே. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வசதி வேண்டும் என்னும் அரசமைப்பின் 350அ பிரிவு தொடக்கக் கல்வியிலிருந்தே பேசுகிறது. அங்கன்வாடி வயது அதன் சொற்களுக்கு வெளியே நிற்கிறது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை வீட்டுமொழியை வலியுறுத்தினாலும் அது கொள்கையே. எனினும் நடைமுறையில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தமிழ்நாட்டுக் குழந்தைகள் மையங்களுக்கென ஆடிப்பாடி விளையாடு பாப்பா என்ற பெயரில் உருவாக்கப்பட்ட பாடத்திட்டத்தின் கதைகளும் பாடல்களும் செயல்பாடுகளும் மலையிறங்கிக் கூடலூருக்கோ கம்பத்துக்கோ சென்றால் அங்குள்ள மையங்களில் காணக்கூடியவை. இரு மாநிலத் துறைகளுக்கு இடையே கோப்பு எதுவும் நகராமலே, ஒரு தாய் அதிலிருந்து ஐந்து பாடல்களைக் கற்றுவந்து குமுளி அங்கன்வாடியில் வாரம் ஒருமுறை பாட முன்வரலாம். பெற்றோர் உள்ளே வந்து பாட அந்த டீச்சர் இடம் கொடுக்கிறாரா என்பதும் மதிப்பீட்டில் சேரும்.

தட்டும் தராசும்

உணவைப் பொறுத்தவரை கேரளம் பல மாநிலங்களுக்கு முன்னால் நிற்கிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் கோதுமை, கடலைப்பருப்பு, நிலக்கடலை, சோயா, சர்க்கரை சேர்த்துத் தயாரிக்கும் அமிர்தம் பொடி வீட்டுக்கே வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டுக் குடும்பங்கள் அறிந்த சத்துமாவுக்கு அது இணையானது. அங்கன்வாடிக்கு வரும் குழந்தைகளுக்குப் பாலும் முட்டையும் தரும் போஷக பால்யம் திட்டம் 2022-இல் தொடங்கியது. 2025-இன் தொடக்கத்தில் உப்புமாவுக்குப் பதிலாகப் பிரியாணி வேண்டும் என்று கேட்ட ஆலப்புழை மாவட்டத்து அங்கன்வாடிக் குழந்தை ஒன்றின் காணொளி பரவியதைத் தொடர்ந்து, அவ்வாண்டு ஜூனில் அமைச்சர் வீணா ஜார்ஜ் முட்டைப் பிரியாணியும் சேர்ந்த புதிய உணவுப் பட்டியலை வெளியிட்டார். பயனாளியின் விண்ணப்பம் இவ்வளவு விரைவில் ஆணையாக மாறியது நிர்வாக வரலாற்றில் அபூர்வம்தான்.

பட்டியல் சுவரில் இருக்கும். பார்க்க வேண்டியது தட்டு. முட்டை நாளில் முட்டை வந்ததா, கீரையும் பயறும் குழந்தை உண்ணும் பக்குவத்தில் வெந்திருக்கின்றனவா, மெதுவாக உண்ணும் குழந்தைக்குக் காத்திருக்கிறார்களா என்பவற்றைப் பகல் பன்னிரண்டரை மணிக்குச் சென்றால் எவரும் அறியலாம். எடைக் கணக்கு அதைவிடச் சற்று நுட்பமானது. ஒவ்வொரு மாதமும் குழந்தையின் எடையை வயதுக்கு எதிரே புள்ளியாகக் குறித்து இணைக்கும்போது கிடைக்கும் வளர்ச்சிக் கோட்டில், ஒரு தனிப் புள்ளியை விடக் கோட்டின் போக்கே முக்கியம். பக்கத்து வீட்டுக் குழந்தையை விட எடை குறைந்திருப்பது கவலைக்குரியதாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து கோடு கிடையாக நின்றாலோ சரிந்தாலோ காரணம் தேட வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர் கேரளத்தில் 23.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 25 விழுக்காடு. இந்திய அளவான 35.5 விழுக்காட்டை விட இவை குறைவு என்றாலும், கேரளத்தின் எண் அதற்கு முந்தைய ஆய்வில் 19.7 ஆக இருந்து உயர்ந்தது. மாநிலச் சராசரி பழங்குடிக் குடியிருப்புகளையும் தோட்ட லயங்களையும் மறைத்துவிடும் என்பதற்கு, 2013-இல் அட்டப்பாடியில் தொடர்ந்து நிகழ்ந்த பழங்குடிக் கைக்குழந்தைகளின் மரணங்கள் கேரளத்துக்குக் கற்பித்த பாடமே சான்று. குழந்தையின் வளர்ச்சிக் கோட்டைக் காட்டி விளக்கும்படி கேட்டால், தயங்காமல் எடுத்து விளக்கும் டீச்சர் இருக்கும் மையத்தில் தராசு பதிவேட்டுக்காக மட்டும் இயங்கவில்லை என்று நம்பலாம்.

கட்டடத்தைப் பற்றி நீளப் பேசத் தேவையில்லை. 30 குழந்தைகளுக்கு 35 சதுர மீட்டர் அறை, மூன்று வயதுக்கு மேற்பட்ட 20 குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் என்ற தேசியத் தர நெறிகள், வாடகைக் கட்டடங்களில் எட்டாக்கனியாக இருப்பதை யாவரும் அறிவர். ஆனால் விட்டுக்கொடுக்கக் கூடாதவை சில உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றில் சத்துணவுச் சமையலறையின் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளின் உயிரைக் குடித்த பின்னும், அடுப்பும் குழந்தைகளும் ஒரே அறையில் இருப்பதை எந்தக் காரணத்தாலும் ஏற்க இயலாது. மழைக்காலம் நீண்ட இம்மலையில் கட்டடத்தின் பின்னால் உள்ள மண்சரிவு, வழுக்கும் படிகள், தண்ணீர் வரும் கழிப்பறை, அட்டை கடிக்காமல் விளையாடத்தக்க வெட்டவெளி ஆகியவற்றை ஒருமுறை மழை நாளில் சென்று பார்த்துவிடுவது நல்லது. வெயில் நாளில் எல்லாக் கட்டடங்களும் நன்றாகவே இருக்கும்.

வேலை நேரமும் அங்கன்வாடி நேரமும் பொருந்தாமை, ஏனைய குறைகளை விடக் கடினமானது. தோட்ட வேலை 9.30-க்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கம்பம், கூடலூர்ப் பகுதிகளிலிருந்து விடியற்காலை ஜீப்புகளில் மலையேறும் பெண்களின் குழந்தைகளோ கீழே பாட்டிமாரிடம் விடப்படுகின்றனர். 50 பெண் தொழிலாளர் வேலை செய்யும், அல்லது அவர்களது குழந்தைகள் 20 பேர் இருக்கும் தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் அமைப்பதை 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்தின் கடமையாக்கியிருந்தது. இலங்கை மலையகத்தில் பிள்ளைக் காம்பரா என்று வழங்கும் ஏற்பாடும் இதே தேவையிலிருந்து பிறந்ததே. பல சிறு உடைமைகளாகப் பிரிந்து கிடக்கும் ஏலத்தோட்டங்களில் அந்த எண்ணிக்கை எட்டப்படுவது கடினம் என்பதால், தேயிலைத் தோட்டத் தாய்க்குக் கிடைத்த காப்பு ஏலத்தோட்டத் தாய்க்குப் பெரும்பாலும் கிடைக்கவில்லை. ஆகவே அங்கன்வாடி எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், காலை ஏழு மணிக்கும் ஒன்பதரைக்கும் இடையே குழந்தை யாரிடம் இருக்கும் என்பதற்கு விடை காணாத மதிப்பீடு, வேலைக்குச் செல்லாத தாய்க்கான மதிப்பீடாகவே முடியும்.

தேர்வு செய்ய இயலாத இடத்தில்

பெரிய நகரத்துப் பெற்றோர் ஐந்து கூடங்களைப் பார்த்து ஒன்றைத் தேர்வர். மலைக் குடியிருப்பில் நடந்து செல்லும் தொலைவில் இருப்பது ஒன்றே. சில இடங்களில் அதுவும் இல்லை. அங்கே மதிப்பீட்டின் பயன் வேறிடம் தேடிச் செல்வதில் இல்லை, இருப்பதைத் திருத்துவதில்தான் இருக்கிறது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த உணவுரிமை வழக்கில் 2001 நவம்பர் 28 அன்று ஒவ்வொரு குடியிருப்புக்கும் அங்கன்வாடி வேண்டும் என்று ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2006 டிசம்பர் 13 அன்று மேலும் ஒருபடி சென்று, ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு அதைக் கோரினால் மூன்று மாதத்துக்குள் அமைத்துத் தரவேண்டும் என்றது. இருக்கும் மையத்தின் குறைகளுக்கு, வார்டு உறுப்பினர் தலைமையிலான அங்கன்வாடி கண்காணிப்பு மற்றும் ஆதரவுக் குழுவும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூடவேண்டிய கிராம சபையும் கேரளத்தில் உரிய இடங்கள். அவற்றுக்கு மேலே வட்டார அளவில் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் இருக்கிறார்.

அந்த இடங்களில் டீச்சரின் மீது புகாராக எழுதப்படும் மனு பெரும்பாலும் பகையை மட்டுமே விளைவிக்கும். ஆறு பணிகளைத் தாங்கும் ஒருவரிடம் ஏழாவதாக விளக்கக் கடிதம் கேட்கப்படுவதே அதன் முடிவாக இருக்கும். தமிழ் பேசும் குழந்தைகள் இத்தனை பேர் இருப்பதால் அடுத்த ஹெல்பர் நியமனத்தில் இருமொழி அறிந்தவருக்கு முன்னுரிமை தேவை, முற்பகலில் ஒரு மணி நேரம் பதிவேட்டு வேலையின்றிக் குழந்தைகளுக்கென ஒதுக்கப்பட வேண்டும், பீரோவில் உள்ள பொருள்களுக்குத் தாழ்வான அலமாரி வாங்க ஊராட்சி நிதி தரவேண்டும் என்பன போன்ற கோரிக்கைகள் டீச்சருக்கும் துணையாக அமைபவை. அவற்றை மலையாளத்தில் எழுதித்தர ஆள் தேடவேண்டிய கட்டாயமும் இல்லை. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள மாநில அரசு அலுவலகங்களோடு தமிழ் மக்கள் தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தலாம் என்றும், அவர்களுக்கு அனுப்பப்படும் விடையும் தமிழிலேயே இருக்கவேண்டும் என்றும் கூறுகிறது.